பரணிலிருந்து இறங்கிய கார்கள்

வீடொழிக்கும் நாளிற் பரண் ஏறுவோர்க்கு எதிர்பாராத பொருள்கள் கிடைப்பதுண்டு. இங்கிலாந்திலும், ஜேர்மனியிலும், ஐக்கிய அமெரிக்காவிலும் கடந்த கால் நூற்றாண்டாகப் பல வீடுகளில் இவ்வாறு கிடைத்துவரும் பொருள் ஒன்றுண்டு. முதுமையெய்திய பெற்றோர் சிறிய வீட்டுக்குப் பெயர்கின்றனர், அல்லது காலமாகிவிடுகின்றனர். நடுவயதினனான மகன் பழைய வீட்டை வெறுமையாக்க வருகின்றான். பாடசாலைப் புத்தகங்களுக்கும் உடைந்த நாற்காலிக்கும் பின்னால், தூசி படிந்த கடதாசிப் பெட்டியொன்று இருக்கின்றது. அதன் மூடியிலே, மணலை இருபுறமும் வாரியிறைத்துக்கொண்டு பாயும் சிறு பந்தயக் காரின் வண்ணப்படம். படத்தின் மூலையிற் சிவப்புச் சதுரத்துள் ஒரு வெண்ணட்சத்திரம். நீலச் சதுரத்துள் இன்னொன்று. பெட்டியைத் திறப்பதற்கு முன்னரே அது இன்னதென்று அவனுக்குத் தெரிந்துவிடுகின்றது. 1984ஆம் ஆண்டிலோ 1986ஆம் ஆண்டிலோ, பதினொரு வயதில், பல வாரங்கள் பணம் சேர்த்து வாங்கிய வானொலிக் கட்டுப்பாட்டுக் கார் அது.

அக்காலத்தில் விற்பனையான விளையாட்டுச் சாமான்களுட் பெரும்பாலானவை குப்பையிற் சேர்ந்து மறைந்தன. இக்கார்கள் மட்டும் எவ்வாறு தப்பின? தப்பியதோடு நில்லாது, முப்பது நாற்பது ஆண்டு கழித்து மறுபடியும் ஓடத் தொடங்கியது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், விளையாட்டுச் சாமானின் வரலாற்றோடு வானொலியின் வரலாற்றையும் சிறிது நோக்குதல் வேண்டும்.

கம்பியின்றிச் செய்தி அனுப்பும் கலை தோன்றிய சில ஆண்டுகளுக்குள்ளேயே, கம்பியின்றி ஒரு வண்டியை ஆட்டிப்படைக்கும் ஆசையும் மனிதனுக்குத் தோன்றிவிட்டது. 1898ஆம் ஆண்டிலே நிக்கோலா டெஸ்லா நியூ யோர்க் நகரின் மடிசன் சதுக்கத் தோட்டத்தில், நீரில் மிதந்த சிறு படகொன்றைத் தாம் தொடாமலே திருப்பியும் நிறுத்தியும் காட்டினார். படகை விட்டுத் தரைக்கு வந்தவர் ஸ்பானியப் பொறியியலாளர் லெயோனார்தோ தொரெஸ் கெவேதோ. 1904ஆம் ஆண்டில், மட்றிட் நகரின் பந்தாட்ட அரங்கொன்றினுள், மூன்று சில்லு வண்டியொன்றை 20 அல்லது 30 மீற்றர் தொலைவிலிருந்து அவர் வானொலி அலையால் இயக்கினார். 1906இல் பில்பாவோத் துறைமுகத்தில் மன்னர் பதின்மூன்றாம் அல்போன்சோ காணப் படகொன்றையும் செலுத்தினார். விளையாட்டுச் சாமான் செய்யும் எண்ணம் இவ்விருவருக்கும் இருந்ததில்லை.

1925ஆம் ஆண்டில் நியூ யோர்க் வீதிகளில் உண்மையான மோட்டார்க் காரொன்றே சாரதியின்றி ஓடியது. பின்னால் வந்த இன்னொரு காரிலிருந்து அதனை வானொலியால் இயக்கினர். கார் எதிலோ மோதிற்று; அத்துடன் அந்த வேடிக்கை ஒருவாறு முடிந்தது. இதனை நடத்திய நிறுவனத்தின் பெயர் 'ஹூடினா'. புகழ்பெற்ற மாயவித்தைக்காரர் ஹூடினி, தம் பெயரைத் திரித்துப் பயன்படுத்துகின்றனர் எனச் சினந்து அந்நிறுவனத்தின் அலுவலகத்துட் புகுந்து கலகம் செய்தார். வானொலிக் காரின் வரலாற்றில் நீதிமன்றம் வரை எட்டிப் பார்த்த முதல் அத்தியாயம் இதுவே எனலாம்.

விளையாட்டளவுக்கு இக்கலை இறங்கிவரத் தடையாயிருந்தது நிறையே. அக்காலத்து வானொலி, வெற்றிடக் குழாய்களால் இயங்கியது. குழாய்களைச் சூடேற்ற ஒரு மின்கலம், அவற்றை இயக்க இன்னொரு மின்கலம் என இரட்டைச் சுமை வேண்டியிருந்தது. 1937ஆம் ஆண்டு மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் வால்டர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டைச் சகோதரர் வானொலியால் இயங்கும் மாதிரி விமானமொன்றைப் பறக்கவிட்டனரேனும், அந்த விமானம் ஒரு சிறுவன் தூக்கி விளையாடும் அளவினதன்று. 1947இல் திரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே வாங்கி உள்ளங்கைக்குள் அடங்கிற்று. அப்போதுங்கூட முதலில் வந்த கருவிகள் முரட்டுத்தனமானவை. பொத்தானை ஒருமுறை அமுக்கினால் முழு வலம், மறுமுறை அமுக்கினால் முழு இடம், இடைப்பட்ட திருப்பமென்பதில்லை. முறுக்கிய இறப்பர் நாடாவின் விசையே சுக்கானைத் திருப்பும். நாடாவின் முறுக்கு அவிழ்ந்துவிட்டால் சுக்கானும் ஓய்ந்துவிடும்.

1960களிலே பரவிய விகிதமுறைக் கட்டுப்பாடு இந்நிலையை மாற்றியது. அதன் தத்துவம் எளிதானது. செலுத்தியிலிருந்து விநாடிக்கு ஏறத்தாழ 50 தடவை சிறு துடிப்பொன்று புறப்படுகின்றது. அத்துடிப்பு ஒரு விநாடியின் ஆயிரத்திலொரு பங்கு நீடித்தால் சில்லு முழுதும் ஒரு பக்கம். இரு பங்கு நீடித்தால் முழுதும் மறுபக்கம். ஒன்றரைப் பங்கு நீடித்தால் நேர்நிலை. இடைப்பட்ட நீளங்களுக்கு இடைப்பட்ட திருப்பங்கள். காரினுள்ளே இருக்கும் சிறு மோட்டார் இத்துடிப்பின் நீளத்தை அளந்து, அவ்வளவே திரும்பி நிற்கும். விரலின் அசைவு எவ்வளவோ, சில்லின் அசைவும் அவ்வளவு. இந்த ஒற்றுமையே கையிலிருப்பவனைச் சாரதியாக்கிற்று.

முதலில் இவ்வகைக் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தோர் இத்தாலியர். ரெஜியோ எமிலியா நகரின் எலெத்ரோனிக்கா ஜொக்கத்தொலி என்ற நிறுவனம் 1966இல், பன்னிரண்டில் ஒரு பங்கு அளவினதாகப் பெராரி 250 எல். எம். காரை வெளியிட்டது. இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்து மார்டேவ் போன்றோர் 1970களின் தொடக்கத்தில் எரிநெய்யில் ஓடும் சிறு எந்திரக் கார்களை விற்றனர். அவை இரைச்சல் மிக்கவை, புகை கக்குபவை, முதிர்ந்தவரின் பொழுதுபோக்குக்கு உரியவை. சிறுவனின் கைக்கு வானொலிக் காரைக் கொண்டுவந்து சேர்த்த பெருமை யப்பானிய நகரொன்றுக்கே உரியது.

அந்நகரின் பெயர் ஷிஸூவோக்கா. தச்சு வேலைக்குப் பேர்போன பகுதி அது. அங்கே யொஷியோ தமியா என்பவர் 1946இல் மரம் அரியும் ஆலையொன்றைத் தொடங்கினார். விரைவில் மரத்தாலான மாதிரிக் கப்பல்களும் அவ்வாலையிலிருந்து வெளிவந்தன. 1951இல் மூண்ட தீ மரக்கிடங்கை அழித்துவிட்டது. பின்னர் மாதிரிகளே முழுத் தொழிலாயின. 1960ஆம் ஆண்டில் யமாட்டோப் போர்க்கப்பலைப் பிளாஸ்டிக்கில் வார்த்தனர். போட்டி நிறுவனமொன்று அதே கப்பலை மலிவாக விற்கவே, அது தோல்வியிற் போய் முடிந்தது. அடுத்த ஆண்டு வந்த பாந்தர் டாங்கியே கொம்பனியைக் காப்பாற்றிற்று. அதன் பெட்டிக்கு ஷிகெரு கொமட்சுசாக்கி என்னும் ஓவியர் படம் எழுதினார். டாங்கியின் அளவு முப்பத்தைந்தில் ஒரு பங்கு. இந்த விந்தையான எண் எங்கிருந்து வந்தது? உள்ளே மோட்டாரும் மின்கலங்களும் அடங்குவதற்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு பெரிதாக டாங்கியைச் செய்து, பின்னர் விகிதத்தைக் கணக்கிட்டனர், முப்பத்தைந்து வந்தது. உலகெங்கும் மாதிரி கட்டுவோர் இன்று ஏற்றுக்கொண்டுள்ள அளவொன்று இரு மின்கலங்களின் பருமனிற் பிறந்ததென்றால் வியப்பன்றோ!

யொஷியோவின் மகன் ஷுன்சாக்கு தமியா நுணுக்கத்திற் பித்துக்கொண்டவர். போர்ஷே 934 காரைப் பன்னிரண்டில் ஒரு பங்காகச் செய்ய விரும்பியபோது, போர்ஷே 911 கார் ஒன்றையே விலைக்கு வாங்கிப் பிரித்துப் பார்த்தவர் அவர். அலுமாரியில் வைக்கும் மாதிரிக்கென இவ்வாறு செலவிட்டுச் செய்த அச்சுகளை வீணாக்காது, அதே உடலின் கீழ் மோட்டாரையும் வானொலியையும் பொருத்தி 1976இல் வெளியிட்டனர். அதன் பட்டியல் எண் 58001. இவ்வரிசையில் வந்த கார்களைச் சேகரிப்போர் பெயரால் மட்டுமன்றி எண்ணாலும் அறிவர். '58016' என்று ஒருவர் சொன்னால் மற்றவர் கண்களிலே ஒளி பிறக்கும்.

58016 என்பது 1979இல் வந்த 'சாண்ட் ஸ்கோர்ச்சர்'. அதுவரை வந்த கார்கள் சமதரையை வேண்டின. வீட்டு முற்றத்திலே கல்லும் புல்லும் மண்ணுமே உண்டு. எனவே ஃபுமித்தோ தக்கி முதலிய வடிவமைப்பாளர்கள், கலிபோர்னியப் பாலைநிலத்திற் பந்தயமோடிய வோக்ஸ்வாகன் வண்டுக் கார்களைப் பின்பற்றிப் பத்தில் ஒரு பங்கு அளவிற் புதிய வகையொன்றைச் சமைத்தனர். அலுமினிய வார்ப்பாலான உறுப்புகள், உண்மைக் காரையொத்த வில்லமைப்பு, நீர் புகாத ஊடுதெரியும் பெட்டிக்குள் வானொலி. நிறையோ மிக அதிகம், வேகமோ குறைவு. பந்தயக் கருவியாக அதனைப் புகழ்வதற்கில்லை. ஆயினும் உலோகத்தின் குளிர்ச்சியைக் கையில் உணர்ந்தவன் அதனை மறந்ததில்லை.

அதன்பின் மலிவான காலம் வந்தது. 1983இல் தவளை எனப் பொருள்படும் 'புரொக்'. 1984இல் வெட்டுக்கிளி எனப் பொருள்படும் 'கிராஸ்ஹொப்பர்'. அவ்வாண்டே குளவியின் பெயர் தாங்கிய 'ஹோர்னெட்'. பின்னிரண்டும் ஒரே பிளாஸ்டிக் தொட்டியின் மேல் எழுந்தவை. வெட்டுக்கிளியில் மபுச்சிக் கொம்பனியின் சிறிய 380 மோட்டார்; குளவியிலே பெரிய 540 மோட்டார். பின்னச்சும் பற்சில்லுப் பெட்டியும் ஒரே கட்டாக மேலுங்கீழும் ஆடும். ஆதலால் வேகத்தைக் கூட்டியதும் கார் முயற்குட்டி போலத் துள்ளும். பொறியியல் நோக்கில் இது குறைபாடே. ஆனால் அத்துள்ளலைக் கண்டு சிரித்த சிறுவர்கள் பலர்; அந்தத் துள்ளலுக்காகவே இன்று அதனைத் தேடுவோரும் பலர்.

இக்கார்களின் வேகக் கட்டுப்பாடு மிகப் பழைய முறையினது. சிறு மோட்டாரொன்று செப்புத் தகடுகளின்மேல் ஒரு நாக்கை நகர்த்தும். நாக்கு நிற்கும் இடத்துக்கேற்ப மின்சாரம் தடையொன்றினூடாகவோ நேராகவோ பாயும். தடையிற் பாயும்போது மின்சாரத்தின் ஒரு பகுதி வெப்பமாகும். விளையாட்டு முடிந்ததும் அந்தத் தடையை அறியாது தொட்ட சிறுவன் விரலை உதறிக்கொண்டு ஓடுவான். 7.2 வோல்ற்று நிக்கல் கட்மிய மின்கலத்தை இரவெல்லாம் ஏற்றினால், மறுநாட் காலையிற் கால் மணித்தியாலமளவே ஓட்டம். பின்பு மறுபடியும் காத்திருப்பு.

அலைவரிசையைப் பற்றியும் ஒரு சொல். இக்கார்கள் 27 மெகாஹேட்ஸ் பகுதியில் இயங்கின. அப்பகுதியை ஆறு கூறாக்கி, பழுப்பு, சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், பச்சை, நீலம் என நிறமிட்டனர். செலுத்தியிலும் வாங்கியிலும் ஒரே நிறத்துக்குரிய சிறு பளிங்குத் துண்டுகளைச் செருகவேண்டும். வானொலி நேயர்கள் தம் பெட்டியின் திருகைச் சிறிது திருப்பும்போது ஒரு நிலையத்தின்மேல் இன்னொரு நிலையம் ஏறிக்கொள்வதைக் கேட்டிருப்பர். மைதானத்தில் இரு சிறுவரிடம் ஒரே நிறம் இருந்தாலும் அதுவே நேரும்; ஒருவன் வலப்புறம் திருப்ப, மற்றவன் கார் மதிலில் மோதும். ஆகவே ஓட்டுமுன், 'உன் நிறம் என்ன?' எனக் கேட்பது அக்கால மரியாதை. இங்கிலாந்தில் 1970களின் இறுதியில் அனுமதியற்ற குடிமக்கள் வானொலிக்காரர் இதே பகுதியிற் பேசத் தொடங்கினர்; அவர்களின் பேச்சுக் குறுக்கிட்டுக் கார்களும் விமானங்களும் கட்டவிழ்ந்தன. 1981 நவம்பரில் அவ்வானொலிக்கு அங்கே சட்ட அனுமதி கிடைத்தது. மாதிரி விமானம் விடுவோருக்கு 35 மெகாஹேட்ஸ் என்ற தனியிடம் ஒதுக்கப்பட்டது.

யப்பானியர் சிறுவனை நோக்க, அமெரிக்கர் வெற்றிக் கிண்ணத்தை நோக்கினர். கலிபோர்னியாவின் அசோசியேற்றட் நிறுவனத்தில் ரொஜர் கேட்டிஸ் வடிவமைத்த 'ஆர். சி. 10' 1984இல் வந்தது. பொன்னிறப் பூச்சேறிய அலுமினியத் தொட்டி. எண்ணெய் நிறைந்த அதிர்ச்சி தாங்கிகள். வேண்டியவாறு மாற்றியமைக்கத்தக்க உறுப்புகள். 1985இல் கலிபோர்னியாவின் டெல் மாரில் நடந்த முதலாவது உலகப் போட்டியில், இரு சில்லால் உந்தப்படும் கார்களின் பிரிவை ஜே ஹோல்சி இக்காரைக்கொண்டு வென்றார். யப்பானிய வண்டு நிழலுக்குப் போயிற்று. ஆயினும் பிற்காலத்திற் பரணிலிருந்து மிகுதியும் இறங்கியவை வென்ற கார்களல்ல; முற்றத்திற் புரண்டெழுந்த வெட்டுக்கிளிகளும் குளவிகளுமே.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இனி வரலாம். தமியாவின் பெட்டியை வாங்கியவன் காரை வாங்கவில்லை, துண்டுகளை வாங்கினான். பிளாஸ்டிக் உறுப்புகள் சட்டங்களிற் கோத்திருக்கும். திருகாணிகள் சிறு பைகளில் வேறு வேறாக இருக்கும். படம் நிறைந்த கையேடு ஒன்று வழிகாட்டும். பற்சில்லுப் பெட்டியை முதலிற் பூட்டவேண்டும். அதற்கு நெய் தடவவேண்டும். ஊடுதெரியும் உடலுக்கு உட்புறமிருந்தே வண்ணம் தீட்டவேண்டும். தவறாகப் பூட்டினால் மறுபடியும் கழற்றவேண்டும். ஒரு வார இறுதி முழுதும், பல வேளைகளிற் தந்தையும் பக்கத்திலிருக்க, மேசைமேல் இவ்வேலை நடந்தது. கார் ஓடும் நாளில் அதன் ஒவ்வொரு திருகாணியும் எங்கேயென்று பதினொரு வயதுச் சிறுவன் அறிந்திருந்தான்.

அதே காலத்தில், கடையில் எடுத்தவுடன் ஓடக்கூடிய முழுமையாக்கப்பட்ட வானொலிக் கார்களும் விற்பனையாயின. விலை குறைந்தவை, பார்வைக்கும் குறைவில்லாதவை. அவற்றுள் ஒரு பற்சில்லு உடைந்தால் மாற்றுறுப்பு கிடைப்பது அரிது. உடலைத் திறக்கும் வழியும் பெரும்பாலும் இல்லை. உடைந்த நாளிலேயே அவற்றின் ஆயுள் முடிந்தது. கட்டப்பட்ட காரோ உடைந்தபோது, அவ்வுறுப்பின் எண்ணைக் கையேட்டிற் பார்த்துக் கடையில் வாங்கலாம். கட்டத் தெரிந்தவனுக்குக் கழற்றவும் தெரியும். கழற்றத் தெரிந்தவன் குப்பையில் எறிவதற்கு அஞ்சுவான். பரணிற் கிடந்தது இந்த அச்சமே எனலாம்.

1980களின் இறுதியோடு பெருமோகம் தணிந்தது. 1987இல் இரு மோட்டார் பூட்டிய 'குளொட் பஸ்டர்' என்னும் பெருஞ்சில்லு வண்டியும் 'லஞ்ச் பொக்ஸ்' என்னும் மஞ்சள் வண்டியும் வந்து நன்கு விற்றன. ஆயினும் வீட்டுத் தொலைக்காட்சியில் ஆடும் மின்னணு விளையாட்டுகள் சிறுவரின் மாலைப்பொழுதைப் பற்றிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நெய் தடவ வேண்டியதில்லை. சிறுவனும் வளர்ந்துவிட்டான். கார் பெட்டிக்குட் போயிற்று.

முப்பது ஆண்டுக்குப் பின் பெட்டியைத் திறப்பவன் காண்பது துயரக் காட்சி. செலுத்தியினுள் மறந்துவிட்ட உலர்மின்கலங்கள் கசிந்து, தொடுமுனைகளிற் பச்சைப் படிவு ஏறியிருக்கும். சில்லுகளின் இறப்பர் வெடித்திருக்கும். வெண்பிளாஸ்டிக் பழுத்த இலைபோல் மஞ்சளாகியிருக்கும். பற்சில்லுப் பெட்டியின் நெய் மெழுகாகியிருக்கும். அவன் அதனைக் குளிர்ந்த சவர்க்கார நீரிற் கழுவுகின்றான். தொடுமுனைகளை வினாகிரியாற் துடைக்கின்றான். மஞ்சளேறிய உறுப்புகளை ஐதரசன் பரவொட்சைட்டுத் தோய்த்து ஒளியில் வைத்து வெளுக்கின்றான். பேராசையால் அதிகம் வெளுத்தால் பிளாஸ்டிக் நொறுங்கிப்போகும். இதனைப் பட்டறிந்தோர் உளர். மோட்டாரின் அச்சில் ஒரு துளி எண்ணெய் விட்டு மின்சாரம் கொடுக்கின்றான். பெரும்பாலும் அது சுழல்கின்றது. 27 மெகாஹேட்ஸ் வானொலியும், பளிங்குத் துண்டு உடையாதிருந்தால், பேசுகின்றது.

எஞ்சிய இடர் உறுப்பில்லாமை. உடைந்த முன்கையும் வெடித்த சில்லும் எங்கே கிடைக்கும்? இணைய ஏலத்தில் அவற்றின் விலை ஏறிக்கொண்டே போயிற்று. இந்நிலையில் தமியாக் கொம்பனி பழைய கார்களை மீண்டும் வெளியிடத் தொடங்கிற்று: 2004இல் ஹோர்னெட், 2005இல் கிராஸ்ஹொப்பரும் புரொக்கும், 2010இல் சாண்ட் ஸ்கோர்ச்சர். 2013இல் ஆர். சி. 10 மீண்டது, மறு ஆண்டு கியோஷோ நிறுவனத்தின் 'ஸ்கோர்ப்பியன்' மீண்டது. பெட்டியின் படமும் பெயரும் பழையவை. உள்ளே மட்டும் விரல் சுடும் தடைக்குப் பதிலாக மின்னணு வேகக் கட்டுப்பாடு வந்திருந்தது.

இம்மறுபதிப்பால் மகிழ்ந்தோரும் உளர். மனம் நொந்தோரும் உளர். பழைய காரைத் திரும்ப ஓட்ட விரும்பியவனுக்கு உறுப்புகள் மலிவாகக் கிடைத்தன. திறவாத பழைய பெட்டியைப் பொன்போற் காத்திருந்தவனோ, தான் வைத்திருந்த பொருளின் அருமை சற்றே குறைந்ததைக் கண்டான். இதனிலும் நுண்ணிய வழக்கொன்று எழுந்தது: புதிய சில்லும் புதிய உடலும் புதிய முன்கையும் பூட்டிய கார், பழைய கார்தானா? ஓட்டுபவர் 'ஆம்' என்பர், சேகரிப்பவர் தலையசைப்பர். ஓட்டுபவர் பக்கத்திலேயே நியாயம் மிகுதி எனத் தோன்றுகின்றது. ஏனெனில் 1984ஆம் ஆண்டிலேயே உடைந்த உறுப்பை மாற்றித்தான் அச்சிறுவன் ஓட்டினான். மாற்றுறுப்பு வாங்கிய நாளில் அது வேறு காராயிற்று என அவன் நினைத்ததில்லை.

ஷுன்சாக்கு தமியா 2025 யூலையில், தமது 90ஆம் வயதிற் காலமானார். அவர் காலத்திலேயே பிறந்து, நின்று, மீண்ட கார்களுள் புரொக் ஒன்று. அதன் முதற் பதிப்பில் ஒரு குறையிருந்தது. பற்சில்லுப் பெட்டியிலிருந்து பின்சில்லுக்கு விசையைக் கொண்டுசெல்லும் அறுகோணத் தண்டுகள் ஓட்டத்திற் தேய்ந்து, முனை மழுங்கி, வழுக்கத் தொடங்கும். மறுபதிப்பில் அவற்றை வேறு வகையாகச் செய்து அக்குறையை நீக்கினர். இப்புதிய தண்டுகளைப் பழைய புரொக்கிலே ஏற்றுவோர் பலர். சிலர் கழற்றிய பழைய தண்டுகளைத் துடைத்து, கடதாசி உறையொன்றிலிட்டு, அதே பெட்டியின் அடியில், கையேட்டின் கீழ் வைத்துவிடுகின்றனர்.